நிலைப்படிக்கு உள்ளே: சேலம், நாமக்கல் சமவெளியில் சாவும் மன்னிப்பும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் இறந்தவரைப் பற்றிப் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு இறப்பதைப் பற்றியே பேசலாம் என்று நினைத்தோம். நம் மேடைகளில் சாவு பெரும்பாலும் கொலையாகத்தான் வருகிறது. கீழ்வெண்மணி, மேலவளவு என்று ஊர்ப்பெயர்களாக வருகிறது. அது நியாயம்தான். ஆனால் நம் மக்களில் மிகப் பலர் கயிற்றுக் கட்டிலில் கிடந்துதான் சாகிறார்கள். அங்கே கிடந்து அவர்கள் எதை நினைத்து வருந்துகிறார்கள், யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள், அந்த மன்னிப்பு அவர்களுக்குக் கிடைத்ததா என்று நாம் எழுதி வைத்ததில்லை.

ராசிபுரம் பக்கத்தில் நாங்கள் அறிந்த ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஏன் என்பது பேச்சு முடியும்போது உங்களுக்குத் தெரியும். கடைசி மாதங்களில் நாங்கள் சிலர் அவரைப் பார்க்கப் போவோம். ஒரு நாள் பங்குச் சாமி நற்கருணை கொண்டு வந்திருந்தார். பெரியவர் வாய் திறக்கவில்லை. “வேண்டாம் சாமி. முப்பத்தஞ்சு வருசமா ஒவ்வொரு ஃபாரத்துலயும் இந்துன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். நான் பேதுருவா, யூதாசா? அதை மட்டும் சொல்லுங்க” என்றார்.

சாமி உடனே பதில் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் நானூறு ஆண்டுக் கதை இருக்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

கட்டில் வெளியே வந்த கதை

1623-இல் இராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து புறப்பட்டுத் திருச்சி வழியாக இந்தச் சமவெளிக்கு வந்தார். தத்துவ போதகர் என்று தமிழில் பெயர் பெற்றவர். சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அங்கிருந்து சேலம் போனார். அதே 1623-இல்தான் உரோமையில் போப் பதினைந்தாம் கிரகோரி, மேல்சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு வருபவர்கள் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி தந்தார். ஆக, நம் மண்ணில் வேதம் வந்து இறங்கியபோதே அதன் தோளில் சாதியும் இருந்தது.

நொபிலி வழியில் வந்த சந்நியாசிச் சாமிகள் காவி உடுத்தினார்கள், மரக்கறி உண்டார்கள், மேல்சாதியாரோடு பழகினார்கள். 1640 வாக்கில் பண்டாரசாமிகள் என்று இன்னொரு பிரிவு உருவானது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் ஞானஸ்நானம் கொடுத்து, செபம் சொல்லித் தந்தவர்கள் இவர்களே. ஒரே சபை, ஆளுக்கொரு வாசல்.

உயிரோடு இருக்கும்வரை இந்த ஏற்பாடு ஓடியது. சாவு வந்தபோது சிக்கியது. ஏனென்றால் கத்தோலிக்க வழக்கில் சாகிறவருக்கு மூன்று காரியம் வேண்டும். பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், கடைசி நன்மை வாங்க வேண்டும், அவஸ்தைப்பூசுதல் பெற வேண்டும். மூன்றுக்கும் குரு பக்கத்தில் வந்தாக வேண்டும். காதருகே குனிய வேண்டும். நெற்றியைத் தொட வேண்டும். சாகிறவர் கிடப்பதோ சேரியில், குடிசைக்குள். குரு அந்த நிலைப்படியைத் தாண்டினால் மேல்சாதிக் கிறித்தவர்கள் அவரைத் தீட்டுப்பட்டவராக எண்ணி விலகிவிடுவார்கள்.

என்ன செய்தார்கள்? இரவில் யார் கண்ணிலும் படாமல் போய்வந்த குருக்கள் உண்டு. நோயாளியை வெளியே தூக்கிவரச் சொல்லி, அங்கே வைத்து எண்ணெய் பூசிய குருக்களும் உண்டு. கடைசி மூச்சு வாங்குகிற ஒரு தாயை, ஒரு கிழவரை, கட்டிலோடு தூக்கி வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். பாவம் மன்னிக்கப்படுவதற்காகத் தன் வீட்டிலிருந்தே வெளியேற வேண்டியிருந்தது நம் முப்பாட்டிக்கு.

போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704-இல் மதுரை, மைசூர், கர்நாடக மிஷன்களுக்கு ஓர் ஆணை பிறப்பித்தார். மலபார் சடங்குச் சண்டை என்று வரலாற்றில் அறியப்படும் நெடிய தகராறு இதிலிருந்து முற்றியது. தாலி, பூப்புச் சடங்கு, திருநீறு என்று பலவற்றை ஆணை பேசியது. நமக்கு முக்கியமானது ஒன்றுதான்: நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் வழங்க மறுக்கக் கூடாது என்றது அது. இப்படி ஒரு வரி ஆணையில் தேவைப்பட்டது என்பதே, நடப்பு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி.

அதன்பின் நாற்பது ஆண்டு மனுவும் மறுமனுவுமாகக் கழிந்தது. 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்புச் சொன்னார். குடிசைக்குள் எல்லாக் குருக்களும் போக வேண்டும் என்பதை நடைமுறைப்படுத்த முடியாத நிலையில், பறையர்களுக்கென்றே தனியாகச் சில குருக்களை வைத்துக்கொள்கிறோம் என்று இயேசு சபையார் முன்வைத்த யோசனை ஏற்கப்பட்டது. தீண்டாமையை விலக்க முடியாதபோது தீண்டாமைக்கு ஓர் அலுவலகம் திறந்தார்கள் என்று இதைச் சொல்லலாம்.

இந்தக் கதையை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? நன்மரணம் என்று கத்தோலிக்கர் சொல்வார்கள். சூசையப்பர் நன்மரணத்தின் பாதுகாவலர். வீரமாமுனிவர் தேம்பாவணிக்கு அவரைத்தான் பாட்டுடைத் தலைவராக்கினார். அருள் நிறைந்த மரியே செபமும் சாகும் நேரத்தை நினைவூட்டித்தான் முடிகிறது. தினமும் சாவுக்கு ஆயத்தம் செய்யச் சொன்ன மதம், நம் ஆள் சாகும் நேரத்தில் நிலைப்படிக்கு வெளியே நின்றது. அந்தக் கட்டிலருகே ஒரு பாவம் நடந்தது. அதைச் செய்தவர் கட்டிலில் கிடந்தவர் அல்ல. ஆனால் சங்கீர்த்தனம் செய்யச் சொல்லப்பட்டவர் அவர்தான்.

கஞ்சியும் ஞானஸ்நானமும்

1827-இல் லண்டன் மிஷன் சேலத்தில் கால் ஊன்றியது. சாதியோடு சமரசம் இல்லை என்பது இந்தப் புரொட்டஸ்டண்ட் மிஷன்களின் கொள்கை. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு சாதியை விடாதவருக்குத் திருச்சபையில் இடமில்லை என்று பகிரங்கமாகவே அறிவித்தது. கொள்கைக்கும் நடப்புக்கும் தூரம் உண்டு என்றாலும், அந்த அறிவிப்பு நம் மக்கள் காதில் விழுந்தது.

பிறகு வந்தது தாது வருசப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. நாமக்கல் அன்று சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. 1871 கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் 19,66,995 பேர். 1881 கணக்கெடுப்பில் 15,99,595 பேர். பத்தாண்டில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. நடுவில் பிறந்த குழந்தைகளைக் கணக்கில் சேர்த்தால் இழப்பு இன்னும் பெரிது. நிவாரண வேலையில் கல் உடைத்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கூலி நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது அரை கிலோவுக்கும் குறைவு. இது உயிர் வாழப் போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார்.

நிலமில்லாதவர், கூலிக்கு நெல்லும் கம்பும் வாங்கியவர் முதலில் விழுந்தார்கள். ஊர்ச் சாவுக்கெல்லாம் இழவு சொல்லி, பறையடித்து, குழி வெட்டியவர்களின் சாவுக்குக் குழி வெட்டத் தெம்புள்ள ஆள் இல்லை. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இந்தப் பஞ்சத்தின்போதும் அதன் பிறகும் நம் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிறித்தவத்துக்குப் போனார்கள்.

அதன்பின் ஒரு பழிச்சொல் பிறந்தது. கஞ்சிக்கு மதம் மாறியவர்கள். அடுத்த நூற்றாண்டில் அதுவே பால்பவுடர் கிறித்தவர் என்று ஆனது. சாதி இந்து சொன்னால் நாம் பதில் சொல்லிவிடுவோம். இந்தச் சொல் வீட்டுக்குள் நுழைந்ததுதான் கொடுமை. “எங்க தாத்தா சோத்துக்காகத்தான் மாறினாரு” என்று பேரன் தலை குனிந்து சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். நாலு தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிறவருக்கு, தன் விசுவாசம் கலப்படமானது என்று உள்ளுக்குள் ஒரு கூச்சம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாவம் வேறு, வெட்கம் வேறு. பாவம் நாம் செய்தது. வெட்கம் நம்மீது பூசப்பட்டது. பசித்தவர் கஞ்சி ஊற்றியவரின் கடவுளை நம்பினார் என்றால் அதில் மன்னிக்க என்ன இருக்கிறது? ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தவரைப் பற்றிய நூலைத்தான் அவர்களிடம் வாசித்துக் காட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் யார் பசிக்காக வந்தார், யார் போதனைக்காக வந்தார் என்று அவர் பிரித்து உட்கார வைக்கவில்லை. தாத்தாவை மன்னிக்க வேண்டிய அவசியம் பேரனுக்கு இல்லை. தாத்தா உயிரோடு இருந்ததால்தான் பேரன் இருக்கிறார்.

மலைமேல் திறந்த வாசல்

சேந்தமங்கலத்துக்கு மேலே கொல்லிமலை. நாமக்கல், சேந்தமங்கலம் பகுதியில் பணி செய்த ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் 1913-இல் மணம் முடித்து அந்த மலையில் குடியேறினார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் பல ஆண்டு அவர்கள் மருந்தை வாங்கினார்கள்; மதத்தை வாங்கவில்லை. எதிர்ப்பில் முன் நின்றவர் ஒரு பூசாரி. அவர் காய்ச்சலில் விழுந்தபோது சொந்த சனமே கிட்டே போக அஞ்சியது. பிராண்ட் தம்பதி வீட்டுக்குள் போய்ப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார்கள். சாகும்போது அந்தப் பூசாரி தன் பிள்ளையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். மலையில் வேதம் வேர்விட்டது அதற்குப் பிறகுதான். பிரசங்கம் சாதிக்காததை, நிலைப்படி தாண்டிய இரண்டு கால்கள் சாதித்தன.

ஜெஸ்ஸி பிராண்ட் 1929 ஜூனில் கருநீர்க் காய்ச்சல் கண்டு அந்த மலையிலேயே இறந்தார். எவலின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்குத் திரும்பி வந்து உழைத்து, 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தார். அவர் உடல் மலைக்கே கொண்டுவரப்பட்டுக் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டது. வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் அவர்கள் மகன்.

வெள்ளைக்காரரைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. இன்னொரு காரணம் உண்டு. இன்று அந்த மலையில் ஒரு மலையாளி கிறித்தவரானால் அவர் பழங்குடிச் சான்றிதழ் அவரிடமே இருக்கும். பழங்குடியினருக்கான 1950 ஆணையில் மத நிபந்தனை இல்லை. அது சரியானது, அப்படியே இருக்க வேண்டியது. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி மலையடிவாரச் சேரிக்கு வந்தால், அங்கே ஒரு தலித் கிறித்தவரானால் அவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் போய்விடும். ஒரே திருவிருந்து, ஒரே வேதாகமம். மலைமேல் ஒரு சட்டம், மலையடியில் ஒரு சட்டம்.

இரண்டு பெயர்

1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியார் ஆகமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. ஆகஸ்டு 10-ஐ தலித் கிறித்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதனால்தான். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் கிறித்தவரானால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். தெருவில் சாதி அப்படியே இருக்க, காகிதத்தில் மட்டும் அது மாறிவிடுகிறது.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஆதிதிராவிடர் சூசை, தம்மைப் போன்ற தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை கிறித்தவர் என்பதற்காகத் தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரிக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையும் தீர்மானம் போட்டது. 2024 நவம்பர் 26, அரசமைப்பு நாள். அன்று புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கிறித்தவராக வாழ்ந்துகொண்டே இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி. அவர் ஞானஸ்நானம் பெற்றதும் கோயிலுக்குப் போய்வந்ததும் அவருக்கு எதிரான சாட்சியங்களாயின.

இந்தச் சட்டத்துக்கு நடுவில்தான் நம் மக்கள் இரண்டு பெயரோடு வாழ்கிறார்கள். கோயில் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். வீட்டுச் சுவரில் திரு இருதயப் படம். தாசில்தார் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தால் அது பீரோவுக்குப் பின்னால் போய்விடும். பிள்ளைகளுக்கு இது சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆனால் சாகும் நேரத்தில் அந்தப் படம் பீரோவுக்குப் பின்னாலிருந்து பேசத் தொடங்குகிறது. நம் பெரியவருக்கு அப்படித்தான் பேசியது.

பேதுருவும் யூதாசும்

இனி அவர் கேள்விக்கு வருவோம். நற்செய்தியில் இரண்டு துரோகங்கள் ஒரே இரவில் நடக்கின்றன. யூதாஸ் முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்தான். பேதுரு, சேவல் கூவுமுன் மூன்று தரம் அவரைத் தெரியாது என்றான். இருவரும் மனம் வருந்தினார்கள். யூதாஸ் காசைத் திருப்பிக்கூட எறிந்தான். வேறுபாடு வருத்தத்தில் இல்லை. யூதாஸ் தன் வழக்கைத் தானே விசாரித்து, தீர்ப்பும் தானே எழுதி, தண்டனையும் தானே நிறைவேற்றிக்கொண்டான். பேதுரு அழுதான்; மீன்பிடிக்கத் திரும்பிப் போனான்; உயிரோடு இருந்தான். அதனால் கடற்கரையில் கரிநெருப்பருகே மூன்று தரம் அவனிடம் கேட்கப்பட்டபோது பதில் சொல்ல அவன் இருந்தான். அங்கே அவனிடம் கேட்கப்பட்டது அன்பு இருக்கிறதா என்றுதான். ஏன் மறுதலித்தாய் என்று கேட்கப்படவே இல்லை.

பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், கொள்ளை நோய் கண்ட தலைமுறைகளுக்குப் பிறகு, நன்றாகச் சாவது எப்படி என்று சொல்லும் சிறு நூல்கள் மரச்செதுக்குப் படங்களோடு பரவின. சாகிறவருக்கு வரும் சோதனைகளில் ஒன்று அவநம்பிக்கை. பேய்கள் கட்டிலைச் சூழ்ந்து அவர் பாவப் பட்டியலை நீட்டுகின்றன. அடுத்த படத்தில் அவருக்கு ஆறுதல் சொல்ல வருபவர்களைப் பாருங்கள்: சேவலோடு பேதுரு, மகதலேன் மரியாள், சிலுவையில் தொங்கிய கள்ளன். குற்றமில்லாதவர் ஒருவரும் அந்த வரிசையில் இல்லை. மன்னிக்கப்பட்டவர்கள்தான் கட்டிலருகே நிற்கத் தகுதி பெற்றவர்கள் என்று அந்த ஓவியர் நினைத்திருக்கிறார்.

தன்னைத்தானே மன்னிப்பது என்று இன்று பலர் பேசுகிறார்கள். மனத்தை லேசாக்கிக்கொள்ளும் ஒரு வித்தையாக அதைச் சொல்கிறவர்கள் உண்டு. கிறித்தவ மரபில் அது அவ்வளவு எளிதல்ல. சங்கீர்த்தனத்துக்கு மூன்று உறுப்பு: மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம். செய்ததற்கு வருந்த வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஈடு செய்ய வேண்டும். வரிவசூல்காரன் சக்கேயு அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். இந்த மூன்றும் ஆன பிறகும் தன்னை வதைத்துக்கொண்டிருப்பவர், கடவுள் தள்ளிவிட்ட வழக்கைத் தானே மேல்முறையீட்டுக்குக் கொண்டு போகிறார். தன்னை மன்னிப்பது என்றால் அந்த மேல்முறையீட்டை வாபஸ் வாங்குவதுதான்.

ஆனால் அறிக்கை செய்வதற்கு முன், எது என் கணக்கு என்று தெரிய வேண்டும். இந்து என்று எழுதியது யாருடைய பாவம்? விசுவாசத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடு என்று கத்தியை நீட்டிய சட்டம் ஒருபுறம். கத்தியின் முன் நின்றவர் மறுபுறம். பெரியவர் பொய் எழுதினார் என்பது உண்மை. அதன் கனத்தை அவர் சுமந்தார். ஆனால் அந்தப் பொய்யை எழுத வைத்தவர்கள் ஒரு நாளும் எந்தக் கட்டிலிலும் அதை நினைத்துத் தூக்கம் இழக்கவில்லை. நானூறு ஆண்டாக நடப்பது இதுதான். குற்றம் ஓரிடத்தில், மனச்சாட்சியின் உறுத்தல் வேறிடத்தில்.

நம் கணக்கில் உள்ளது

இதைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது நேர்மையாகாது. நம் கணக்கிலும் இருக்கிறது.

இந்தச் சமவெளியில் ஊர்ச்சாவுக்குப் பறையடித்தும் தோல் வேலை செய்தும் துப்புரவுப் பணிக்குத் தள்ளப்பட்டும் வாழ்ந்த அருந்ததியர் வீட்டு நிலைப்படியை நம்மில் எத்தனை பேர் தாண்டியிருக்கிறோம்? 1704-இல் குரு நம் வீட்டுக்குள் வர மறுத்ததைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். பறையர் கிறித்தவர் வீட்டுச் சாவில் அருந்ததியர் எங்கே நின்றார், எந்தக் குவளையில் தேநீர் வாங்கினார் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுகிறோம். 2009-இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது நம்மிடையே கேட்ட முணுமுணுப்பை நாம் மறக்கவில்லை. நம் இயக்கங்களிலும் கோயில்களிலும் பெண்கள் உழைப்பால் எழுந்த கட்டடங்களில் பெண்களுக்கு எந்த நாற்காலி கிடைத்தது என்பதும் அதே கணக்கில் சேரும்.

திருச்சபையும் தன் கணக்கைச் சொல்லத் தொடங்கியிருக்கிறது. சாதிப் பாகுபாடு தனக்குள் இருப்பதை 2016-இல் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தன் தலித் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அறிக்கை வந்துவிட்டது. பரிகாரம் எங்கே? 2008-இல் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் மூண்ட கலவரத்துக்குப் பின்னால், தலித் கிறித்தவரின் சவ ஊர்வலம் கோயிலுக்கு எந்தத் தெரு வழியாக வர வேண்டும் என்ற சண்டையும் இருந்தது. செத்த பிறகும் நம் கட்டில் சுற்றுவழியில்தான் போகிறது.

ஆயத்தம்

1935 அக்டோபர் 13-ஆம் நாள் இயோலாவில் அண்ணல் அம்பேத்கர் தாம் இந்துவாகச் சாகப் போவதில்லை என்று அறிவித்தார். எந்தச் சாதியில் பிறப்பது என்பது தம் கையில் இல்லை, எப்படிச் சாவது என்பது தம் கையில் இருக்கிறது என்பதே அதன் சாரம். இருபத்தோரு ஆண்டு அவர் படித்தார், விவாதித்தார், காத்திருந்தார். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் தீட்சை பெற்றார். டிசம்பர் 6-இல் காலமானார். இடையில் இரண்டு மாதம்கூட இல்லை. நம் வரலாற்றில் சாவுக்கு ஆயத்தம் செய்தவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நாம் அவரைக் காட்டுவோம். அவர் தேர்ந்த மதம் வேறு. ஆனால் எந்தப் பெயரில் சாகிறேன் என்பதை இன்னொருவர் தீர்மானிக்க விடமாட்டேன் என்ற அந்த உறுதி, நம்மில் எந்த நம்பிக்கை உள்ளவருக்கும் வேண்டியது.

கிறித்தவத்துக்குள்ளும் அந்த முயற்சி நடந்திருக்கிறது. மதுரை இறையியல் கல்லூரியில் கற்பித்த பரட்டை என்ற தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். சாவு வீட்டு வாசலில் கட்டாயத்துக்கு அடித்த கருவி பலிபீடத்தருகே வந்து நின்றது. அதுவும் ஒரு பரிகாரம்தான்.

பெரியவர் கதையை முடிக்கிறோம். அன்று சாமி கடைசியில் பேசினார். “வாத்தியாரே, நீங்க பேதுருவா யூதாசான்னு எனக்குத் தெரியாது. ஆனா உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டியவங்க நெறய பேர் இருக்காங்க. அவங்கள்ல நானும் ஒருத்தன். மொதல்ல நான் கேட்டுக்கறேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் அழுதார். பிறகு எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நெடுநேரம் சங்கீர்த்தனம் செய்தார். என்ன சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் அன்று மாலை மகனைக் கூப்பிட்டு, தெருக்கோடியில் இருக்கும் அருந்ததியர் வீட்டு மூதாட்டி ஒருவரை அழைத்துவரச் சொன்னார். இளமையில் ஒரு நாள் அவரைத் திண்ணையிலிருந்து எழுந்து போகச் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டார். “அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லீங்க ஐயா” என்றார் அந்த அம்மா. “எனக்கு இருக்குதும்மா” என்றார் பெரியவர். அந்த அம்மா உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் அவர் நற்கருணை வாங்கினார்.

பத்து நாளில் இறந்தார். எங்கே அடக்கம் செய்வது என்று அன்றிரவு வீட்டில் பேச்சு நடந்தது. கோயில் கல்லறையில் வைத்தால் பேத்தியின் சான்றிதழுக்கு நாளை யாராவது அதையே சாட்சியமாக்குவார்கள் என்ற பயம். அவளுக்குக் கல்லூரிச் சேர்க்கை நேரம். கடைசியில் சேரிக்குரிய சுடுகாட்டில்தான் புதைத்தார்கள். குழியருகே செபத்தைச் சத்தமில்லாமல் சொன்னார்கள். அந்த மூதாட்டி முதல் பிடி மண் போட்டார். குழியின் மேல் சிலுவை இல்லை, பெயர் இல்லை. அதனால்தான் இங்கேயும் பெயர் இல்லை.

அவர் ஆயத்தமாகத்தான் போனார். அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. தன் கணக்கை அவர் தீர்த்துவிட்டார். தீராமல் இருப்பது, அந்தக் குழியின் மேல் ஒரு பெயர் எழுத முடியாமல் செய்தவர்களின் கணக்கு. மூன்றாம் பத்தி நீங்கும் நாளில் நாம் எல்லோரும் அங்கே போய் அந்தப் பெயரை எழுத வேண்டும். இளையவர்கள் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் காட்டித் தருகிறோம்.

ஜெய்பீம்.